பிள்ளை அழுகிறது, காது வலிக்கிறது

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளை வளர்ப்பது பற்றிக் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தில் வந்து நின்றன: பிள்ளையின் காது, அம்மாவின் காது. என் மகளுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். சத்தம் தாங்காத காதோடுதான் நானும் அவளை வளர்த்தேன். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் உங்களுக்கே.

கேள்வி: பையனுக்கு நாலு மாதம். வீறிட்டு அழ ஆரம்பித்தால் எனக்குக் காதுக்குள் கம்பியை விட்டுக் குடைகிற மாதிரி இருக்கிறது. நேற்று அவனைப் பாயில் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடிவிட்டேன். நானெல்லாம் ஒரு அம்மாவா அக்கா? (ஈரோட்டிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மாதான். ஆத்திரம் தலைக்கேறும் முன்பே பிள்ளையைக் கீழே படுக்க வைத்துவிட்டு நகர்ந்தீர்களே, குழந்தை மருத்துவர்களும் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். சில நிமிடம் தனியாக அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. அழுகையை நிறுத்தப் பிடித்து உலுக்கினால்தான் ஆபத்து. கழுத்து நிற்காத பிள்ளைக்கு அது மூளைக்குள் ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும்.

அடுத்த முறை மாடி வரை போக வேண்டாம், பக்கத்து அறை போதும். தரையில் பாய், பாயில் பிள்ளை மல்லாக்க, சுற்றிலும் தலையணையோ போர்வையோ கிடக்கக் கூடாது. தூளியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குத் தசை தளர்ச்சி உண்டு. தூளிக்குள் முகவாய் நெஞ்சில் படிந்து மூச்சு முட்டலாம். இன்னொன்று: இதயக் கோளாறு உள்ள பிள்ளை அழும்போது உதடு நீலம் பாரித்தால் காத்திருக்கக் கூடாது. தூக்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி உங்கள் காது. நாம் பேசும் பேச்சு சுமார் 60 டெசிபல். தோளில் கிடந்து வீறிடும் பிள்ளையின் வாய்க்கும் உங்கள் காதுக்கும் நடுவே நாலு விரல்கடை தூரம்கூட இல்லை. அங்கே சத்தம் 100 டெசிபலைத் தொடும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 10-க்கும் ஒலியின் வலு பத்து மடங்கு ஏறும். 60-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு! எந்தக் காதுக்கும் அது வலிக்கும். மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட உடம்புக்கு, கூசும் காதுக்கு, இன்னும் கூடுதலாக வலிக்கும். இது உங்கள் பாசத்தின் அளவு இல்லை.

பிள்ளையைத் தோளில் போடாமல் முன்னங்கையில் ஏந்தி, முகம் உங்கள் காதிலிருந்து விலகி இருக்கும்படி நடந்து பாருங்கள். அந்த ஒரு முழம் தூரத்துக்கே வித்தியாசம் தெரியும்.

பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ, நம்மை நாமே ஏதாவது செய்துகொள்வோமோ என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அழைக்கும்போது வீட்டில் இன்னொருவர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா? (மணப்பாறை)

பதில்: போதாது. பஞ்சு அடைப்பது காதை, தடுப்பது கொஞ்சம்தான். மருந்துக் கடையில் நுரை அடைப்பான் கேளுங்கள். 'இயர் பிளக்' என்றால் தருவார்கள். விரல்களுக்கு நடுவே மெல்லிசாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கி இழுத்துக்கொண்டு உள்ளே விடுங்கள். உடனே கையை எடுத்துவிடக் கூடாது. அது உப்பி நிறையும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். அரைகுறையாக வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பஞ்சுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது.

கேள்வி: அப்படி அடைத்துக்கொண்டால் பிள்ளை அழுவதே கேட்காமல் போய்விடுமே? (அதே வாசகி)

பதில்: கேட்கும், குத்தாது. சரியாகப் பொருத்திய அடைப்பான் ஏறக்குறைய 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். 100-இல் 30 போனாலும் மீதி 70, பேச்சைவிட அதிகம். பிள்ளையைக் கையில் வைத்திருக்கும்போதும், தேற்றும்போதும் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் தனியாக இருக்கும் இரவில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம்.

ஆனால் முதல் சில வாரங்களில் அழுகையை நம்பிப் பால் கொடுக்காதீர்கள், அடைப்பான் இருந்தாலும் இல்லாவிட்டாலும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பச்சைப் பிள்ளைகள் பலர் பசிக்குக்கூட அழாமல் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். 'ரொம்ப சாது' என்று ஊரே மெச்சும், எடை மட்டும் ஏறாது. மருத்துவர் சொன்ன இடைவெளிக்குக் கடிகாரத்தில் அலாரம் வைத்து எழுப்பிக் கொடுங்கள். அலாரம் அதிர்வில் இருக்கட்டும்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கும்போது வீட்டுக்குப் பக்கத்தில் தறி ஓடும் சத்தம். அதனால்தான் பிள்ளை இப்படிப் பிறந்தது என்கிறார் மாமியார். (குமாரபாளையம்)

பதில்: இல்லை. 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதுதான் டவுன் சிண்ட்ரோம். 1959-லேயே பாரிஸில் கண்டுபிடித்துச் சொல்லியாகிவிட்டது. பெரும்பாலும் கரு உருவாகும் அந்த நேரத்திலேயே முடிவாகிவிடும் விஷயம். அப்போது நீங்கள் கர்ப்பம் என்பதே உங்களுக்குத் தெரிந்திருக்காது. தறிச் சத்தம், கிரகணம், பப்பாளி எதற்கும் இதில் பங்கு இல்லை. மாமியாரிடம் சண்டை போடாமல் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். வெள்ளைக் கோட்டு சொன்னால் காதில் ஏறும்.

கேள்வி: எங்கள் பாப்பா மிக்ஸி ஓடினாலும் அசையாமல் தூங்குகிறாள். சத்தம் தாங்காத எனக்கு இப்படி ஒரு பிள்ளை கிடைத்தது வரம்தானே? (திருவாரூர்)

பதில்: வரமா என்று முதலில் காதுப் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளுங்கள் தாயே. இந்தக் கடிதத்துக்குத்தான் இந்தப் பக்கத்திலேயே நீண்ட பதில் எழுத நினைத்தேன்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் நாலில் மூன்று பேருக்கு வரை ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்பதில் குறை வருகிறது. பெரும்பாலும் நரம்புக் கோளாறு இல்லை, நடுக்காதில் தேங்கும் நீர்தான் காரணம். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு அது குறுகலாக இருக்கும், அதைத் திறக்கும் தசையும் தளர்ச்சி. காற்று போய்வர வழியில்லாமல் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொள்ளும். நாள்பட்டால் பசைபோல் கெட்டியாகும். வலி இருக்காது, சீழ் இருக்காது, காய்ச்சல் இருக்காது. வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பிள்ளைக்கு மட்டும் உலகம் மந்தமாகக் கேட்கும். காது துவாரமே ரொம்பச் சின்னது என்பதால் சாதாரண விளக்கை வைத்துப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடவும் முடியாது. காது மூக்கு தொண்டை நிபுணர் நுண்ணோக்கி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் தேறிவிட்டாள் என்று விட்டுவிடாதீர்கள், நீர் பிறகுதான் கட்டும். ஆறாவது மாதத்தில் ஒரு முறை, பிறகு இரண்டு காதும் தனித்தனியாக நன்றாகக் கேட்கின்றன என்று உறுதியாகும் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதன்பின் வருடா வருடம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல். இங்கேயும் அதையே பின்பற்றலாம். நீர் தானாக வடியலாம், வடியாவிட்டால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பார்கள். அதற்குத் துவாரம் இடம் தராவிட்டால் தலையில் பட்டைபோலக் கட்டும், எலும்பு வழியாகக் கேட்கச் செய்யும் கருவி உண்டு, கைக்குழந்தைக்கும் கட்டலாம்.

மந்தமாகக் கேட்கும் பிள்ளைக்குப் பேச்சு இன்னும் தாமதமாகும். பேச்சு வராதது டவுன் சிண்ட்ரோமால்தான் என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள். உள்ளே நீர் கட்டியிருப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் அது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பரிசோதனை உண்டு. டி.இ.ஐ.சி. எனப்படும் தொடக்கநிலை இடையீட்டு மையத்தைக் கேட்டுப் போங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது.

கேள்வி: காதில் நீர் கட்டாமல் இருக்கக் குளிப்பாட்டும்போது இரண்டு சொட்டு எண்ணெய் விடலாமா? பாட்டி விடுகிறார். (விருதுநகர்)

பதில்: வேண்டாம். பாட்டி விடும் எண்ணெய் செவிப்பறைக்கு வெளியே நிற்கும், நீர் கட்டுவது உள்ளே. குறுகலான துவாரத்தில் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து அடைப்பதுதான் மிச்சம். மூக்கில் ஊதுவதும் வேண்டாம். பாட்டி கை எண்ணெயை உடம்புக்குத் தேய்க்கட்டும், அது நல்லது.

கேள்வி: குக்கர் விசில் அடித்தால் கை இரண்டையும் விரித்துத் தூக்கிவாரிப் போட்டு அழுகிறான். அவனுக்கும் என்னைப் போல் காது கூச்சமா? (நாகர்கோவில்)

பதில்: சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு, கையை விரித்து, அழுதால் அது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல். பொதுவாக நாலு முதல் ஆறு மாதத்துக்குள் மறையும். இந்தப் பிள்ளைகளுக்குச் சற்றுத் தாமதமாகலாம். அதோடு, ஒரு காரணத்துக்காக இதைச் சந்தோஷமாகவும் கேட்டேன்: விசில் அவனுக்குக் கேட்கிறது. ஆனாலும் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். மெல்லிய சத்தம் கேட்காமல், பெரிய சத்தம் மட்டும் சுருக்கென்று ஏறுகிற காதும் உண்டு.

இன்னொன்றை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். சத்தமே இல்லாதபோது, குறிப்பாகத் தூங்கி எழுந்ததும், தலை முன்னால் குனிந்து கை விரிந்தோ மடங்கியோ ஓரிரு நொடி வெட்டி, சில நொடி கழித்து மறுபடி, மறுபடி என்று வரிசையாக வந்தால் அது பயந்த திடுக்கிடல் அல்ல. சிசு வலிப்பாக இருக்கலாம். முதல் வயதுக்குள்தான் பெரும்பாலும் வரும், மற்றக் குழந்தைகளைவிட டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அதிகம். 'உரம் விழுந்திருக்கு' என்று யாரிடமும் உருட்டக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டியிருக்கும். நாள் தள்ளினால் பிள்ளையின் வளர்ச்சியே அடிபடும்.

கேள்வி: அழுகையைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன். பால் குடிக்கும்போது வரும் சப்புச் சப்பு, மூக்கில் கர்கர், இதற்குத்தான் உடம்பெல்லாம் எரிகிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முன்பு வீட்டுக்காரர் முறுக்கு தின்றாலும் எழுந்து போய்விடுவேன். (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: வெட்கப்படாதீர்கள், உங்களுக்கு இருப்பதற்குப் பெயரே இருக்கிறது: மிசோபோனியா. 2001-இல் ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதி வைத்த பெயர். சத்தம் பெரிதா சின்னதா என்பது இதில் கணக்கில்லை. மெல்லுவது, உறிஞ்சுவது, மூச்சு விடுவது போன்ற குறிப்பிட்ட சில சத்தங்கள் கேட்டதும் கோபமோ அருவருப்போ நம் அனுமதி இல்லாமலே கிளம்பும். பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும். எல்லாச் சத்தமும் தாங்க முடியாத அளவு பெரிதாகக் கேட்பது வேறு, அதற்கு ஹைப்பராக்யூசிஸ் என்று பெயர். முதலில் ஆடியாலஜிஸ்ட், பிறகு உளவியலாளர் என்று போங்கள். எண்ணத்தையும் எதிர்வினையையும் பழக்கும் பேச்சு சிகிச்சையில் பலருக்கு நிவாரணம் கிடைத்திருக்கிறது. ஒற்றைத் தலைவலி இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதுவும் சத்தத்தை எதிரியாக்கும்.

இது பிள்ளை மேல் வரும் வெறுப்பு இல்லை. சத்தத்தின் மேல் வருகிற கோபம் அது. அடுத்த நிமிடம் அவன் நெற்றியில் முத்தம் கொடுக்கத் தோன்றுகிறதா இல்லையா?

இன்றைக்குச் செய்யக் கூடியது: பால் கொடுக்கும்போது முழு நிசப்தம் கூடாது. மின்விசிறியோ, தாழ்ந்த குரலில் வானொலியோ ஓடட்டும். சின்னச் சத்தங்கள் அதில் கரையும். ஒரு காதில் மட்டும் அடைப்பான் போடுங்கள். பாலைப் பீய்ச்சி வைத்தால் ஒரு வேளையைப் பாலாடையிலோ பாட்டிலிலோ அப்பா கொடுக்கலாம்.

பிள்ளை பக்கமும் பாருங்கள். அந்தச் சப்புச் சத்தம் உதடு சரியாகப் பொருந்தாமல் காற்று புகுவதால் வருவது. நாக்கும் தாடையும் தளர்ச்சியாக இருப்பதால் பிடிப்பு நழுவுகிறது. தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, ஆள்காட்டி விரலைத் தாடைக்கு அடியிலும் கட்டைவிரலைக் கன்னத்திலும் வைத்து மெல்லத் தாங்கிக் கொடுங்கள். முதல் முறை பேச்சு சிகிச்சையாளரோ பாலூட்டல் ஆலோசகரோ பக்கத்தில் இருந்து கை பிடித்துக் காட்டட்டும். பிடிப்பு சரியானால் பிள்ளைக்குப் பால் இறங்கும், உங்களுக்குச் சத்தம் குறையும். குடிக்கும்போது நெற்றி வியர்த்து, இளைத்து, பாதியில் விட்டுவிட்டால் இதய எக்கோ எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிரச்சினை இருக்கும்.

கேள்வி: என் மனைவிக்கு அழுகைச் சத்தம் ஆகாது. எனக்குக் காதில் இடி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. நான் என்ன செய்ய? (சேலத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: அழுகிற நேரம் உங்களுடையது. பால் கொடுத்ததும் ஏப்பம் விட வைப்பது, சாயங்காலம் சிணுங்கும்போது தூக்கி நடப்பது, தடுப்பூசி போட்ட ராத்திரி. மனைவி கூப்பிட்டு வராதீர்கள், அழுகை கேட்டதும் வாருங்கள்.

கேள்வி: தெரபிஸ்ட் கிலுகிலுப்பை ஆட்டு, பாட்டுப் பொம்மை வை, ஓயாமல் பேசு என்கிறார். எனக்கு அமைதி வேண்டும், பிள்ளைக்குச் சத்தம் வேண்டும். யார் விட்டுக்கொடுப்பது? (புதுச்சேரி)

பதில்: யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு வேண்டியது பேச்சு. இரைச்சல் அதைக் கெடுக்கும். மந்தமாகக் கேட்கும் காதுக்கு டிவி ஓடும் கூடத்தில் அம்மாவின் குரலைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. உங்களை வதைக்கும் அதே சத்தம்தான் அவனுக்கும் வார்த்தையை மறைக்கிறது. டிவியை அணைத்தால் இரண்டு பேருக்கும் லாபம்.

வீட்டை ஒரு நாள் காதால் மட்டும் சுற்றிப் பாருங்கள். மிக்ஸிக்கு அடியில் பழைய துண்டை நாலாக மடித்துப் போடுங்கள், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அரையுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரம் கவிழ்க்கும் கூடையிலும் மேடையிலும் துணி விரித்தால் அந்த 'டங்' போய்விடும். என் வீட்டில் முதலில் ஒழித்தது அதைத்தான்.

பிறகு பிள்ளையின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து, உங்களுக்குத் தாங்கும் தாழ்ந்த குரலில், சின்னச் சின்ன வார்த்தையாகச் சொல்லுங்கள். 'பால்' என்றால் கையால் குடிப்பதுபோல் காட்டிச் சொல்லுங்கள். 'போதும்', 'தூக்கு', 'டாட்டா', எல்லாவற்றுக்கும் சைகை. இந்தப் பிள்ளைகள் காதைவிடக் கண்ணால் சுலபமாகக் கற்றுக்கொள்வார்கள். சைகை பேச்சைத் தடுக்காது. வாய் வரும் வரை பிள்ளைக்குச் சொல்ல ஒரு வழி இருக்கும். வேண்டியதைக் கேட்கத் தெரிந்த பிள்ளை வீறிடுவதும் குறையும். பாட்டுப் பொம்மையின் ஸ்பீக்கர் ஓட்டை மேல் செலோடேப் ஒட்டுங்கள்.

கேள்வி: தூங்க வைக்க மழைச் சத்தம் போடும் ஆப் நல்லதா? (கோவை)

பதில்: நல்லதுதான். ஆனால் போனைத் தொட்டிலுக்குள் வைக்கக் கூடாது. ஏழடி தள்ளி வையுங்கள், ஒலியைக் கீழே இறக்குங்கள், தூங்கியதும் நிறுத்துங்கள். பிள்ளை இருக்கும் இடத்தில் 50 டெசிபலுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: தீபாவளி, கோயில் திருவிழா, பக்கத்து மண்டபம். பிள்ளைக்கும் எனக்கும் ஹெட்போன் மாட்டலாமா? (மதுரை)

பதில்: உங்களுக்கு எதை வேண்டுமானாலும். பிள்ளையின் காதுக்குள் பஞ்சு, நுரை எதையும் திணிக்காதீர்கள். பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். குழந்தைகளுக்கென்று காதை மூடும் மஃப் விற்கிறது, எடை குறைந்ததாக வாங்குங்கள். கழுத்துத் தசை தளர்ச்சியான பிள்ளை என்பதால் மடியில் சாய்த்து, தலையைத் தாங்கிக்கொண்டு, வெடிக்கும் நேரத்துக்கு மட்டும் மாட்டுங்கள். நாள் முழுக்க மாட்டினால் காது இன்னும் கூசப் பழகிவிடும், அது உங்களுக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் தீபாவளிக்குப் பட்டாசு நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அந்த இரண்டு மணி நேரமும் உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி இருங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்க 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே தடை உண்டு. விழாக் காலத்துக்கு மாநில அரசு சில நாட்கள் 12 மணி வரை தளர்த்தலாம். மண்டபத்துக்காரரிடம் முதலில் நேரில் போய்ப் பிள்ளையைக் காட்டிச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் 112.

கேள்வி: அடுத்த வாரம் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட். பிள்ளை தூங்கினால்தான் எடுப்பார்களாம். போன தடவை அழுது தீர்த்தான், நானும் அழுதுவிட்டு வந்தேன். (தஞ்சாவூர்)

பதில்: காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுப்புங்கள். பேருந்தில் கண்ணயர விடாதீர்கள். இதற்காகவே ஒருவர் கூட வரட்டும். குளிப்பாட்டித் தலையை எண்ணெய் இல்லாமல் வையுங்கள், நெற்றியில் ஒட்டும் மின்முனை எண்ணெயில் நிற்காது. பாலை வீட்டிலேயே கொடுத்துவிடாமல் அங்கே போய், மின்முனைகளை ஒட்டிய பிறகு கொடுங்கள், குடித்துக்கொண்டே தூங்கிவிடுவான். மூக்கு அடைத்து சளியாக இருந்தால் முந்தின நாளே போன் செய்து தேதி மாற்றிக் கேளுங்கள், சளியோடு எடுத்தால் அளவு தவறாக வரும். மயக்க மருந்து கொடுக்கிறோம் என்று சொன்னால் எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டாமல் சம்மதிக்காதீர்கள். உங்கள் அடைப்பானையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், காத்திருக்கும் இடத்தில் இன்னும் பத்துப் பிள்ளைகள் அழும்.